கலாவுக்குப் பின்னால் யார்?

1

கலாவின் படம் இந்த ஊர்ப் பேப்பரில் முதல் பக்கத்தில் வந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம். எனக்கு அது நினைவில் இல்லை, பேப்பர்காரிக்கு இருந்திருக்கிறது. நேற்று மத்தியானம் பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் கடைசித் தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ரப்பர் கையுறையைக் கழற்றுகிற நேரத்தில் போன் அடித்தது. தேன் தடவின குரல்.

"எஸ்தர், நலமா? என்னை ஞாபகம் இருக்கிறதா?"

எப்படி மறக்கும்? என் வாயிலிருந்து ஒரே ஒரு வரியைப் பிடுங்கிக்கொண்டு போய், ஒரு தகப்பனிடமிருந்து அவன் பெற்ற இரண்டு பெண்களையும் பிரிக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டவள் அல்லவா.

"ஒரு வருடம் ஆகிவிட்டதே, சின்னதாக ஒரு கட்டுரை போடலாம் என்று இருக்கிறோம். பிள்ளைகள் அம்மாவை மன்னித்துவிட்டார்களா? கலா சிறையில் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாளாமே, உண்மையா?"

"அந்தக் காவலாளி வீட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டேன்.

"எந்தக் காவலாளி?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். திருநெல்வேலி டவுணிலும் பாளையங்கோட்டையிலும் உட்கார்ந்து இதைப் படிக்கிற நீங்கள் கலாவைத் திட்டுவீர்கள். நன்றாகத் திட்டுங்கள். ஆனால் திட்டுவதற்கு முன்னால் அவள் முடியின் நீளத்தைக் கேட்கமாட்டீர்கள். அந்த மட்டுக்கு உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

2

என்னைப் பற்றி இரண்டு வரி. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் தோற்றுப்போனவள் நான். கல்யாணம் கட்டி இங்கிலாந்தின் இந்த மழைக்கார ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம். எங்கள் வீட்டில் இவுக டவுண் பஸ் ஓட்டுகிறார்கள். நான் பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாத்தியார், பஸ்ஸில் இனாமாகக் கிடைக்கிற பேப்பர்தான். சீட்டில் யாராவது விட்டுவிட்டுப் போனதை எடுத்துவருவேன், தெரியாத வார்த்தையை நோட்டில் எழுதிவைப்பேன். படித்தவர்கள் சொல்லித்தந்திருந்தால் நயமாகப் படித்திருப்பேன். எனக்கு வாய்த்த வாத்தியார் இப்படி.

கலா உடன்குடிக்காரி. அப்பா கருப்பட்டி மண்டியில் எடை போட்டவர். அவள் நர்ஸிங் படித்து, முதியோர் இல்லம் ஒன்றுக்கு வேலைக்கு எடுக்கப்பட்டு இங்கே வந்தாள். புருஷன் சேகர் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன். அந்தக் காகிதத்தில் அவனுக்குப் பெயரே 'சார்ந்திருப்பவர்' என்றுதான் போட்டிருந்தது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதை அடித்துக்கொடுத்த அரசாங்கத்துக்கே பிறகு அது மறந்துபோயிற்று. மூத்தவள் மீனாவுக்குப் பதினான்கு, இளையவள் செல்விக்கு ஏழு. இரண்டும் தமிழ் கேட்டால் புரிந்துகொள்ளும், இங்கிலீஷில் பதில் சொல்லும்.

கலாவோடு வேலை செய்தவள் மேரி, காங்கோ நாட்டுக்காரி. இருப்புக் காகிதம் காலாவதியாகிவிட்டது என்று ஒரு காலையில் வெள்ளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அரசாங்கத்துக்காக ஆட்களைப் பிடித்து அடைத்துவைக்கிற கம்பெனி ஒன்றின் வண்டி அது. பதினோராம் நாள் மேரி அந்தக் கம்பெனியின் தடுப்பு முகாமில் செத்துப்போனாள். எப்படி என்பதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை. கலாவும் இந்த ஊர்க்காரப் பெண்கள் இரண்டு பேரும் ஆறு மாதம் மனு எழுதினார்கள், அட்டை பிடித்து மழையில் நின்றார்கள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் கம்பெனி முற்றத்தில் நின்ற நான்கு வண்டிகளுக்குப் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள்.

நான்காவது வண்டிக்குள் ஒரு காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார். காவல் கொட்டகையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வண்டிக்குள் போய்ப் படுத்திருக்கிறார். கானா நாட்டுக்காரர், அறுபதை நெருங்கினவர், அவரும் நம்மைப்போலப் பிழைக்க வந்தவர். உயிர் பிழைத்தார். இரண்டு கையும் வெந்துபோயிற்று. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

நான் இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. மேரிக்காக அழுதவளுக்கு அந்த மனுஷன் கண்ணில் படாமல் போனது எப்படி என்று நான் அவளிடமே கேட்டிருக்கிறேன். அன்றைக்கே மூன்று பேரும் போலீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டார்கள், கோர்ட்டிலும் ஒத்துக்கொண்டார்கள். தண்டனை சொல்லச் சில வாரம் தள்ளிவைத்தார்கள். அந்தச் சில வாரத்தில்தான் பேப்பர்காரர்கள் விளையாடினார்கள்.

3

என் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஆம்பளை எதையாவது கொளுத்தினால் முதல் வரியிலேயே அவன் எந்தக் கூட்டம், என்ன கேட்கிறான், யாரோடு பழகினான் என்று வந்துவிடும். பொம்பளை கொளுத்தினால் முதல் வரியில் முடி, இரண்டாவது வரியில் பிள்ளை. அவள் என்ன கேட்டாள் என்பது உள்பக்கத்தில், செருப்பு விளம்பரத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். அதே மாதம் வேறொரு ஊரில் நான்கு ஆம்பளைகள் ஒரு அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். அவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

கலாவோடு போன இரண்டு பேரில் ஒருத்திக்கு விவாகரத்து ஆகியிருந்தது. ஆகவே அவள் மனம் உடைந்ததனால் கொளுத்தினாள். இன்னொருத்திக்கு ஐம்பத்தொரு வயது. அந்த வயதில் பெண்களுக்கு உடம்பில் வருகிற மாற்றங்களைப் பற்றி ஒரு டாக்டரிடம் பேட்டி எடுத்துப் போட்டார்கள். தூக்கம் கெடுமாம், உடம்பு கொதிக்குமாம். மேரி எப்படிச் செத்தாள் என்று அந்த டாக்டரிடம் கேட்டிருந்தாலாவது உபயோகமாக இருந்திருக்கும்.

கலாவுக்கு முதல் நாள் அவர்கள் போட்டது குலசை தசராப் படம்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்பது வயதில் கலாவுக்கு டைபாய்டு வந்து, பிழைத்தால் குலசை முத்தாரம்மனுக்குத் தசராவில் வேஷம் போடவைக்கிறேன் என்று அவள் அம்மா நேர்ந்துகொண்டாள். போலீஸ் வேஷம். காக்கிச் சட்டை, தொப்பி, மையால் வரைந்த மீசை, கடையில் வாங்கின பிளாஸ்டிக் துப்பாக்கி. தெருத்தெருவாகக் காணிக்கை வாங்கி முடித்தபிறகு ஸ்டுடியோவில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பேப்பருக்காக ஆள் ஒருவன் உடன்குடிக்குப் போய், மகளுடைய நல்ல படமாக ஒன்று கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். பெற்றவள் எதைக் கொடுப்பாள்? வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

'ஒன்பது வயதில் சீருடையும் ஆயுதமும்' என்று தலைப்பு. பேப்பரைப் பார்த்ததும் இவுக, "மீச கூடவா கண்ணுக்குத் தெரியல இவனுவளுக்கு?" என்றார்கள்.

அன்று சாயங்காலமே கலாவின் அம்மா எனக்குப் போன் போட்டாள். "எஸ்தரு, படம் பெருசா போட்டிருக்காவளாமே? தெளிவா விழுந்திருக்கா? தொப்பி தெரியுதா?"

"தெரியுது பெரியம்மா," என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தக் கட்டுரை உடன்குடியைப் 'புழுதி மண்டிய மறக்கப்பட்ட குக்கிராமம்' என்றது. உடன்குடி பஜாரில் சாயங்காலம் ஒரு சைக்கிளைத் திருப்பிப் பார்த்திருந்தால் அங்கே என்ன நெரிசல் என்று எழுதினவனுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாம் நாள் ஆளே மாறிவிட்டது. முந்தின நாள் பிறந்ததிலிருந்தே பயங்கரவாதி, மறுநாள் 'தேவதை நர்ஸ்'. முதியோர் இல்லத்துக் கிழவிகள் அழுதார்கள். கலாவின் சிரிப்பு எப்படி, கைவிரல் எவ்வளவு மென்மை என்று அரைப்பக்கம். காவலாளியின் கைகளுக்குக் கிடைத்தது இரண்டு வரி.

தேவதை எப்படித் தீ வைப்பாள்? தீ வைக்கச் சொன்ன ஆம்பளை ஒருவன் இருக்க வேண்டாமா? மூன்றாம் நாள் அவனைத் தேடி எங்கள் தெருவுக்கு வந்தார்கள்.

4

என் வீட்டு வாசலில் வந்து நின்றவள்தான் அந்தத் தேன் குரல்காரி. சின்னப் பெண், நல்ல கோட்டு, பார்த்தாலே உள்ளே வா என்று சொல்லத் தோன்றுகிற முகம். இருபத்தாறு வருடமாக நான் படிக்கிற பேப்பரிலிருந்து ஒரு ஆள் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நான் சொல்வதை எழுதுகிறாள். எனக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது, மறைக்கவில்லை. தேயிலை போட்டுக் கொடுத்தேன்.

"கலா எப்படிப்பட்டவள்?" என்று கேட்டாள்.

சொன்னேன். "தங்கமான பிள்ளை. புருஷன் பேச்சைத் தட்டமாட்டாள். குனிந்த தலை நிமிரமாட்டாள். அவர் போட்ட கோட்டைத் தாண்டமாட்டாள்."

நெல்லைச் சீமையில் பிறந்தவர்களுக்கு இது என்னவென்று தெரியும். பெண் பார்க்க வந்தவர்களோ போலீசோ, யாராவது வெளியாள் வந்து நம் தெருப் பெண்ணைப் பற்றிக் கேட்டால் நாம் எடுத்து நீட்டுகிற தயார்ப் பத்திரம் இது. அவள் புருஷனைச் செருப்பால் அடித்தவளாக இருந்தாலும் இதைத்தான் சொல்லுவோம். சொல்லுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஊர்க்காரர்கள் இந்தப் பெண்ணை விட்டுக்கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் அதில் உள்ள சரக்கு.

உண்மையில் கலா எப்படி? கடைக்குப் போனால் பத்து அடி தள்ளி நின்றுகொண்டு, "அந்தத் தக்காளிய எடுத்த எடத்துல வையிங்க, நசுங்கிருக்கு," என்று அவள் போடுகிற சத்தத்தில் கல்லாவில் இருக்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான். சேகர் வைத்துவிடுவான். அவன் சொந்தமாகச் சட்டை எடுத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் பேப்பரில் சேகர் ரொட்டித் தொழிற்சாலை வேலைக்குப் போகிற படம், குளிருக்குக் காதுவரை தொப்பி போட்டு, பாதி முகம் நிழலில். 'கலாவுக்குப் பின்னால் யார்?' என்று தலைப்பு. கீழே கொட்டை எழுத்தில்: "அவள் கணவனின் சொல்லைத் தட்டியதே இல்லை. அவர் போட்ட கோட்டைத் தாண்டமாட்டாள், என்கிறார் குடும்ப நண்பர் எஸ்தர்."

இவுக அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்கள். "தேயில வேற போட்டுக் குடுத்திருக்க," என்றார்கள். அவ்வளவுதான் திட்டு. அதற்குமேல் தேவைப்படவில்லை.

உடனே அவளுக்குப் போன் செய்து, அது சும்மா உபசாரமாகச் சொன்னது, திருத்திப் போடுங்கள் என்றேன். "நீங்கள் சொன்ன வார்த்தைதானே எஸ்தர்?" என்றாள். "சரி, கலா சிறையில் என்ன உடுத்துகிறாள் என்று ஏதாவது தெரியுமா?"

5

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் சொர்ணம் என்று ஒருத்தி இருந்தாள், பீடி சுற்றுகிறவள். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது கம்பெனிக்காரர்கள் கூலியைக் குறைத்தார்கள் என்று தகராறு நடந்தது. சொர்ணம் எறிந்த கல் ஜீப் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய்க் கணக்குப்பிள்ளையின் ஒரு கண்ணை எடுத்துவிட்டது. அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் டீ வாங்கப் போனபோது கடையில் ஒரே பேச்சு.

"கண்ணு போச்சேவே அந்த மனுசனுக்கு."

"போச்சு அண்ணாச்சி. கூலியக் கொறச்சா கல்லு வரத்தான் செய்யும்."

"கூலியக் கொறச்சவன் மாடியில இருக்கான். கணக்கு எழுதுதவன் கண்ணு என்னவே செஞ்சிச்சு?"

"அப்ப மாடிக்கு எறிஞ்சிருக்கணும்ங்கேரா?"

"எறியவே கூடாதுங்கேன். எறிஞ்சிட்டா, இனி அவ பதில் சொல்லட்டும்."

நான் டீ வாங்கிக்கொண்டு வரும்வரைக்கும் இதே சண்டை. அவள் புருஷன் யார், என்ன சேலை, பார்க்க எப்படி இருப்பாள் என்று அந்தக் கடையில் ஒரு ஆள் வாய் திறக்கவில்லை. சிறையிலிருந்து திரும்பிவந்த பிறகு பாதித் தெரு அவளோடு பேசியது, பாதித் தெரு பேசவில்லை. பேசாதவர்களும் அவளோடுதான் பேசாமல் இருந்தார்கள், அவள் புருஷனோடு அல்ல.

நம் ஊர் மாலைப் பேப்பர்கள் மட்டும் யோக்கியமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சேலைத் திருட்டில் பிடிபட்டவளைக்கூட 'அழகி' என்று போடுகிறவர்கள்தானே. ஆனால் அவர்கள் உலகத்துக்கு நியாயம் சொல்லிக்கொடுப்பதாகப் பீற்றிக்கொள்வதில்லை. இங்கே உள்ளவர்கள் காலையில் பெண் உரிமை பற்றித் தலையங்கம் எழுதிவிட்டு, மத்தியானம் ஒருத்தி தன் புத்தியால் ஒரு தப்பைக்கூடச் செய்ய முடியாது என்று அடித்துச் சொல்லுகிறார்கள்.

6

பேப்பர் வந்து ஐந்தாம் நாள், குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஹெலன் என்கிற அம்மாள் சேகர் வீட்டுக்கு வந்தாள். இங்கிலீஷுக்குத் துணையாகச் சேகர் என்னையும் கூப்பிட்டிருந்தான். ஹெலனைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். ஆனால் மடியில் இருந்த பைலுக்குள் அந்தப் பேப்பர்த் துண்டு இருந்தது, என் வரிக்குக் கீழே மஞ்சள் மையில் கோடு போட்டிருந்தது.

"இந்த வீட்டில் முடிவுகளை எடுப்பது யார்?" என்று சேகரிடம் கேட்டாள்.

சேகர் யோசித்தான். "கலாவைக் கேட்டுச் சொல்லுகிறேன்," என்றான்.

'நேரடியாகப் பதில் சொல்லவில்லை' என்று அவள் எழுதினதை நான் எட்டிப் பார்த்தேன்.

கலா போலீசில் பேசும்போது ஒருமுறைகூடப் புருஷன் பெயரைச் சொல்லாமல் 'அவர், அவர்' என்றே சொன்னாளாம். பயத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்று குறிப்பில் இருந்தது. நானும் எங்கள் வீட்டில் இவுக பெயரை வாயால் சொன்னதில்லை, அதற்காக நான் பயந்தா கிடக்கிறேன், கேட்டுப் பாருங்கள் என்றேன். ஹெலன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். எனக்கும் ஒரு பைல் திறந்துவிடுவாளோ என்று இருந்தது.

மூன்று வாரத்தில் கூட்டம். அப்பா ஆட்டிப்படைக்கிறவர் என்று முடிவானால் இரண்டு பெண்களையும் வேறு குடும்பத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். மீனாவிடம் தனியாகவும் விசாரிப்பார்கள். சேகருக்கு அதுதான் பெரிய பயம். மீனா அந்தக் கட்டுரையைப் போனில் படித்த நாளிலிருந்து அவனோடு பேசுவதில்லை. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அப்பா வேலை என்று அவள் நம்பிவிட்டாள். பெற்ற தாய் செய்தாள் என்று நம்புவதைவிட அது லேசாக இருந்திருக்கும்.

ஹெலன் போனபிறகு சேகர் இன்னொன்றைச் சொன்னான். கலாவின் வக்கீல் அம்மாள், புருஷன் வற்புறுத்தினான் என்று ஜட்ஜிடம் சொன்னால் தண்டனை ஒன்றிரண்டு வருடம் குறையும் என்கிறாளாம். பேப்பரே பாதி வேலையைச் செய்துவிட்டதாம்.

"அக்கா, நானே ஒத்துக்கிடுதேன்," என்றான். "நான்தான் ஏவிவிட்டேன்னு சொல்லிருதேன். அவ சீக்கிரம் வந்திருவால்லா?"

"ஏலே சேகரு, அவ வாரப்ப பிள்ளைய யாரு வீட்டுல இருக்கும்?"

"அவ வந்து கூட்டிக்கிடுவா."

"ஒரு சட்ட எடுக்கத் தெரியாது ஒனக்கு. ஒரு வண்டியக் கொளுத்தச் சொன்னேன்னு சொல்லப் போறியா? எவம்லே நம்புவான்?"

"எல்லாரும் நம்பிட்டாவளே அக்கா," என்றான்.



7

சிறைக்கு நான் தனியாகப் போனேன். இரண்டு மணி நேர பஸ், மூன்று காகிதம், இரண்டு தடவை கைரேகை. கலா மெலிந்திருந்தாள். அவள் அம்மா கேட்டுவரச் சொன்னதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பேப்பரில் வந்தது என் வாயால் வந்த வினை என்று ஒத்துக்கொண்டேன். வக்கீல் சொன்னதையும் சேகர் சொன்னதையும் சொன்னேன்.

"பைய பேசுங்க அக்கா," என்றாள். பக்கத்து மேஜையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் தொடங்கினாள்.

"நாலு வண்டி நின்னுச்சு. மூணு வண்டிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஆளு இல்ல. விடிஞ்சிரும்னு அவசரம். நாலாவதுல அடிக்கல."

காதை ஒரு கையால் பொத்தி எடுத்தாள்.

"அந்த மனுசன் போட்ட சத்தம் இன்னும் காதுல கெடக்கு. மேரிக்காகத்தான் செஞ்சேன், அதுல எனக்கு ஒளிக்கதுக்கு ஒண்ணும் இல்ல. நாலாவது வண்டியப் பாக்காமப் போனதும் நான்தான். அத அவுக தலையில வைக்காதிய."

"ரெண்டு வருசம் கூடக் கெடக்கணும் ஏட்டி. யோசிச்சுக்கோ."

"கெடக்கேன். பிள்ளைய அவுககிட்ட இருக்கட்டும். அவுகளுக்குச் சோறு பொங்கத் தெரியும், முடி பின்னத் தெரியும். வேற என்ன வேணும்?" பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். "நான் போட்ட கோட்டத் தாண்டமாட்டாவ."

எழுந்திருக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "மீனாகிட்ட நீங்க சொல்லிருங்க. அவுக சொல்லமாட்டாவ. என்னைய நல்லவளாக்குறேன்னு பொய்ய வளத்துருவாவ."

8

மீனா நான் வேலை செய்கிற பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். மறுநாள் சாப்பாட்டு வரிசையில் கடைசியாக வந்தாள். யாரும் அவளோடு நிற்பதில்லை. தட்டில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டே, "மணி அடிச்ச பெறகு பின்வாசலுக்கு வா," என்றேன்.

குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டதை, நான் பேப்பர்காரியிடம் சொன்ன பொய்யை, டார்ச் அடிக்காமல் விட்டதை. சுற்றிவளைக்கவில்லை. எனக்குச் சுற்றிவளைக்கிற அளவுக்கு இங்கிலீஷும் வராது, அவளுக்கு அந்த அளவுக்குத் தமிழும் வராது.

"அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?"

"போலீசு வந்து கதவத் தட்டினப்பதான் தெரியும்."

"நான் அவரிடம் மூன்று வாரமாகப் பேசவில்லை," என்றாள். பிறகு, "அம்மாவா?" என்றாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

கூட்டத்தன்று நீளமான மேஜை, ஆறு பேர், எல்லார் முன்னாலும் அந்தப் பேப்பர்த் துண்டின் நகல். என் முறை வந்தது.

"இதில் இருக்கிறது நான் சொன்னதுதான்," என்றேன். "நான் சொன்னது பொய். எங்கள் ஊரில் ஒருத்தியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றால் இப்படித்தான் சொல்லுவோம். கலா யார் பேச்சையும் கேட்கிறவள் இல்லை. கேட்டிருந்தால் இங்கே நாம் உட்கார்ந்திருக்கமாட்டோம். அவள் புருஷனை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தது அவள். உங்கள் அரசாங்கம் கொடுத்த விசாவிலேயே அவரைச் 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருக்கிறது, எடுத்துப் பாருங்கள்."

ஒருவர் எடுத்துப் பார்த்தார். மெய்யாகவே அந்தப் பழைய நகல் அவர்கள் பைலிலேயே இருந்தது. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"இதைச் சொல்வதால் கலாவுக்குத் தண்டனை கூடலாம் என்று தெரியுமா?" என்று ஹெலன் கேட்டாள்.

"அவள்தான் சொல்லச் சொன்னாள்."

ஹெலன் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டாள். மீனாவைத் தனி அறையில் விசாரித்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்று பிறகு ஹெலனே என்னிடம் சொன்னாள். 'எங்கள் வீட்டில் அப்பா முடிவு செய்கிறது தோசையா இட்லியா என்பது மட்டும்தான். அதையும் அம்மா மாற்றிவிடுவாள்.'

பிள்ளைகள் அப்பாவிடமே இருக்கலாம் என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. சேகர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதான்.

கோர்ட்டில் கலா வக்கீலைத் தடுத்துவிட்டு, என்னை யாரும் ஏவவில்லை என்று எழுந்து நின்று சொன்னாள். ஆறு வருடம் போட்டார்கள். மறுநாள் பேப்பர் 'கண்ணீர் சிந்தாத தாய்' என்றது. தேவதையும் போயிற்று, பொம்மையும் போயிற்று, இனி அவர்களுக்கு மிச்சம் இருந்தது ராட்சசி. செய்தவள் என்று மட்டும் எழுத ஒரு கைக்கும் வரவில்லை.

9

மீனா பத்து மாதம் சிறைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சேகர் வற்புறுத்தவில்லை. போன மாதம் அவளாகவே, வருகிறேன் என்றாள். செல்வியை இவுகளிடம் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் போனோம்.

உட்கார்ந்ததும் தொடங்கினாள். முதலில் பைய. பிறகு பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. உனக்கு யார் உரிமை கொடுத்தது, எங்களை ஒரு நிமிஷம் நினைத்தாயா, வண்டிக்குள் ஆள் இருக்கிறானா என்று பார்க்காமல் எப்படி ஒருத்தி தீ வைப்பாள், நீ நர்ஸ்தானே, செல்வியின் பிறந்தநாளுக்கு ஒருத்தரும் வரவில்லை தெரியுமா, மேரியை எனக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும் அம்மா, நீ ஏன் இப்படிச் செய்தாய்? எல்லாம் இங்கிலீஷில், மூச்சு விடாமல். பத்து மாதம் வரிசையாக அடுக்கிவைத்திருந்தாள் போல.

கலா அழவில்லை. மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மகளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். ஒரு வார்த்தையையும் தவறவிடக்கூடாது என்பதுபோல இருந்தது.

சேகருக்குத் தாங்கவில்லை. "மீனா, போதும்மா," என்று அவள் தோளைத் தொட்டான்.

"நீங்க சும்ம இருங்க," என்றாள் கலா. "அவ என்னையத்தான திட்டுதா. திட்டட்டும்."